மூளையின் வெண்பொருளுக்கு வயதாவது எப்படி?

உளவியல் சோதனைகளில் ரொம்பப் பழையதாக ஒரு தாள் உண்டு. மேலே 1 முதல் 9 வரை எண்கள். ஒவ்வோர் எண்ணுக்குக் கீழும் ஒரு சின்னக் குறி: ஒன்றுக்குக் கோடு, இரண்டுக்குக் கொக்கி, மூன்றுக்கு வட்டம் என்கிற மாதிரி. அதற்கு அடியில் வரிசை வரிசையாக எண்கள் மட்டும் கலைந்து கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் உரிய குறியைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒன்றரை நிமிடமோ இரண்டு நிமிடமோ தருவார்கள், அவ்வளவுதான். பெரிய புத்திசாலித்தனத்துக்கு இதில் வேலையே இல்லை.

இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவரையும் எழுபது வயதுக்காரர் ஒருவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தால், இளையவர் கடகடவென்று போய்விடுவார். மூத்தவர் பெரும்பாலும் தப்பாகப் போடுவதில்லை. ஆனால் மணி அடிக்கும்போது அவருடைய தாளில் காலிக் கட்டங்கள் நிறைய மிச்சம் இருக்கும். சரி, வயதானால் மூளை மங்கிவிடும் என்று முடிவு கட்டிவிட்டு, அடுத்ததாகச் சொற்களுக்குப் பொருள் கேட்கும் சோதனை ஒன்றை வையுங்கள். இப்போது மூத்தவர் ஈடு கொடுப்பார், பல நேரம் முந்தியும் போவார். சேர்த்து வைத்தது பத்திரமாக இருக்கிறது. எடுத்து வர நேரம் பிடிக்கிறது.

ஏன் இப்படி? “வயசானா மூளை செல் எல்லாம் செத்துப் போயிடும்” என்ற பதிலைக் கேட்டுத்தான் நாம் வளர்ந்திருக்கிறோம். கோபன்ஹேகனில் பென்டே பாக்கன்பெர்க் என்ற ஆய்வாளரின் குழு, இறந்தவர்களின் மூளைகளை வைத்துக்கொண்டு நுண்ணோக்கியில் பொறுமையாக எண்ணிப் பார்த்தது. மூளையின் மேற்புறணியில் இருக்கும் நியூரான்கள் 20 வயதிலிருந்து 90 வயதுக்குள் சுமார் 10 சதவீதம்தான் குறைகின்றன என்று 1997-ல் சொன்னார்கள். 2003-ல் அதே குழு வேறொன்றை அளந்தது. நியூரான்களை ஒன்றோடொன்று இணைக்கும், உறை போட்ட நரம்பிழைகளின் மொத்த நீளம். அது 20 வயதுக்கும் 80 வயதுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 45 சதவீதம் குறைந்திருந்தது.

செல்களில் பத்து சதவீதம், இழைகளில் நாற்பத்தைந்து. மூளைக்கு வயதாவதைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால், நான் இந்த ஜோடி எண்களைத்தான் சொல்வேன். அந்த இழைகள் இருக்கும் இடத்துக்குத்தான் வெண்பொருள் என்று பெயர்.

மூளையைக் குறுக்கே வெட்டினால் இரண்டு நிறம் தெரியும். வெளியே சில மில்லிமீட்டர் தடிமனில் மடிப்பு மடிப்பாகச் சாம்பல் நிற ஓரம், உள்ளே வெண்ணெய் மாதிரி வெளிறிய பெரும்பகுதி. நியூரான்களின் உடல்கள் பெரும்பாலும் அந்தச் சாம்பல் பகுதியில் இருக்கின்றன. (உயிருள்ள மூளையில் அது இளஞ்சிவப்புக் கலந்த பழுப்பாக இருக்கும். சாம்பல் என்பது பாடம் செய்து வைத்த மூளையின் நிறம்.) அந்த உடல்களிலிருந்து கிளம்பும் ஆக்சான் என்ற நீண்ட இழைகள் கட்டுக்கட்டாக ஓடும் இடம்தான் உள்ளே இருக்கும் வெள்ளை. மனித மூளையின் பருமனில் ஏறக்குறையப் பாதி இதுதான். ஆனாலும் மூளையைப் பற்றிய பேச்சில் புகழ் முழுவதும் சாம்பல் பொருளுக்கே போகிறது.

நீளத்தைக் கேட்டால் நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். 2003 ஆய்வின் கணக்குப்படி 20 வயது ஆணின் மூளையில் உறை போட்ட இழைகளை எல்லாம் நீட்டிப் போட்டால் சுமார் 1,76,000 கிலோமீட்டர். பூமியை நான்கு முறை சுற்றிவிட்டு மிச்சமும் இருக்கும். பெண்ணுக்குச் சுமார் 1,49,000. (இதை எடுத்துக்கொண்டு யாரும் வீட்டில் சண்டைக்குப் போக வேண்டாம். நீளத்தை வைத்து அறிவை அளக்க முடியாது.) 80 வயதில் இவை முறையே 97,000, 82,000 கிலோமீட்டர் அளவுக்கு வந்துவிடுகின்றன. மெல்லிய இழைகள்தான் அதிகம் போகின்றன. தடித்தவை தாக்குப்பிடிக்கின்றன.

வெள்ளை நிறம் எங்கிருந்து வருகிறது? கொழுப்பிலிருந்து. ஆக்சானைச் சுற்றி மையலின் என்ற உறை இருக்கிறது. தண்ணீரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அதன் எடையில் எழுபது சதவீதத்துக்கு மேல் கொழுப்புதான். இந்த உறையைப் போடுவதற்கென்றே மூளைக்குள் ஒரு செல் வகை உண்டு. பெயர் ஒலிகோடெண்ட்ரோசைட். வாயில் நுழையாத பெயர்தான், ‘சில கிளைகள் கொண்ட செல்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ தெல் ரியோ ஓர்தேகா 1921-ல் இதை அடையாளம் காட்டினார். இந்தச் செல் தன் உடலிலிருந்து கைகளை நீட்டும். ஒரு கை, அக்கம்பக்கத்து ஆக்சான் ஒன்றின் சிறு துண்டைப் பிடித்து, புண்ணுக்குக் கட்டுத்துணி சுற்றுவதுபோலச் சுற்றிச் சுற்றிப் பல அடுக்குகளாக இறுக்கிக்கொள்ளும். இன்னொரு கை இன்னோர் ஆக்சானைப் பிடிக்கும். ஒரே செல் இப்படிப் பல பத்துத் துண்டுகளுக்கு உறை போட்டுவிடும்.

துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி ஒன்று, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில், உறை இல்லாமல் விடப்பட்டிருக்கும். பள்ளிப் புத்தகத்தில் ரேன்வீர் கணு என்று படித்திருப்போம். நரம்பின் மின் சமிக்ஞை இந்தக் கணுக்களில் மட்டும் புதுப்பிக்கப்படுகிறது. நடுவில் உறைக்குள் இருக்கும் தூரத்தைச் சட்டென்று கடந்துவிடுகிறது. உறையில்லாத மெல்லிய இழையில் சமிக்ஞை நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்து போகும் என்றால், நல்ல உறை போட்ட தடித்த இழையில் நூறு மீட்டரையும் தாண்டும்.

மையலின் இல்லாத கணவாய் மீன் வகை ஒன்று வேகத்துக்கு வேறு வழி கண்டுபிடித்தது. இழையைப் பருக்க வைத்துவிட்டது. அதன் ராட்சத ஆக்சான் அரை மில்லிமீட்டர் பருமன் இருக்கும், வெறும் கண்ணுக்கே தெரியும். வேகம் நொடிக்குச் சுமார் 25 மீட்டர். மையலின் போட்ட இழை அதே வேகத்தை நூறில் ஒரு பங்கு பருமனில் எட்டிவிடுகிறது. நம் மூளையின் இழைகளையெல்லாம் கணவாயின் முறையில் செய்திருந்தால் தலை எவ்வளவு பெரிதாக வேண்டியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மையலினை மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையோடு ஒப்பிடுவது வழக்கம். பாதி வரைக்கும்தான் அந்த ஒப்புமை தாங்கும். கம்பியின் உறை மின்சாரத்தை வெளியே விடாமல் காக்கும், அதோடு சரி. மையலின் வேகத்தை நிர்ணயிக்கிறது. வெவ்வேறு தூரத்திலிருந்து கிளம்பிய செய்திகள் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டுமானால் வேகம் சரியாக அமைய வேண்டும். உறை போடும் செல், இழைக்கு எரிபொருளையும் ஊட்டுகிறது. அதனால் உறை கெட்டால் இழையும் கொஞ்ச நாளில் நலிந்துவிடும்.

இனி வயதுக்கு வருவோம். பிறந்த குழந்தையின் எம்.ஆர்.ஐ. படத்தை முதல்முறை பார்ப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். பெரியவர்களின் வழக்கமான படத்தில் வெண்பொருள் வெளிச்சமாகவும் சாம்பல் பொருள் கொஞ்சம் இருட்டாகவும் தெரியும். பச்சைக் குழந்தையில் இது அப்படியே தலைகீழ். இழைகள் இருக்கின்றன, உறைதான் இன்னும் வரவில்லை. கொழுப்பு குறைவு, தண்ணீர் அதிகம். ஆறு மாதம் ஆகும்போது இரண்டு பகுதிக்கும் வித்தியாசமே தெரியாத ஒரு கட்டம் வரும், படம் கலங்கல் தண்ணீர்போல இருக்கும். ஒரு வயது வாக்கில் நிறங்கள் இடம் மாறி, பெரியவர்களின் படம்போல ஆகத் தொடங்கிவிடும். ஒரே வருடத்தில் மூளைக்குள் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

வேலை கண்டபடி நடப்பதும் இல்லை. பிறப்பதற்கு முன்பே மூளைத்தண்டில் ஆரம்பித்து, கீழிருந்து மேலாகவும் பின்னாலிருந்து முன்னாலும் பொதுவாக நகர்கிறது. மூச்சு, உறிஞ்சுதல் போன்றவற்றுக்கான பாதைகள் முதலில். தொடுதல், பார்வை, அசைவு அப்புறம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை கடைசி. எம்.ஆர்.ஐ. என்ற பேச்சே இல்லாத காலத்தில், லைப்சிக் நகரின் பால் ஃபிளெக்சிக், கருவிலும் பிறந்தவுடனும் இறந்த குழந்தைகளின் மூளைகளைச் சாயமேற்றிப் பார்த்து, எந்தப் பகுதி முதலில் உறை போடுகிறது, எது பின்னால் என்று வரிசைப்படுத்தி வரைந்து வைத்தார். தலை நிற்பது, உட்காருவது, நடப்பது, பேசுவது என்று குழந்தை ஒவ்வொன்றாகப் பிடிப்பதற்கும் இந்த வரிசைக்கும் தொடர்பு உண்டு. மையலின் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது, அதுவும் சேர்ந்தால்தான் நடக்கும்.

இரண்டு வயதுக்குள் பெரிய பாதைகள் எல்லாம் படத்தில் தெரியும் அளவுக்கு வந்துவிடும். பிறகு வேகம் குறைகிறது, ஆனால் நிற்பதில்லை. எத்தனை வருடம் நிற்பதில்லை என்பதுதான் ஆச்சரியம். 2022-ல் வெளியான ஒரு பெரிய சர்வதேச ஆய்வு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களை ஒன்றுசேர்த்து, பிறப்பதற்கு முன்பிருந்து நூறு வயது வரை மூளைக்கு ஒரு வளர்ச்சி வரைபடம் போட்டது. சாம்பல் பொருளின் பருமன் ஆறு வயதை ஒட்டியே உச்சத்துக்குப் போய்விடுகிறது. வெண்பொருளின் உச்சம் 28.7 வயதில். ஒன்றாம் வகுப்பில் ஒன்று உச்சம் தொட, இன்னொன்று வேலைக்குப் போய்ச் சில வருடம் ஆன பிறகும் ஏறிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு வார்த்தை. “மூளை 25 வயதில்தான் முழுமையடையும்” என்று எங்கு பார்த்தாலும் ஒரு வரி சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு பிறந்தநாள் கிடையாது. 28.7 என்பது பருமனின் சராசரி உச்சம். வேறொன்றை அளந்தால் வேறு வயது வரும், வேறு பாதையை அளந்தாலும் அப்படியே.

வேறு எதை அளக்கலாம்? தண்ணீரை. கொட்டிக் கிடக்கும் இடத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அலையும். கட்டுக்கட்டாக இழைகள் இருக்கும் இடத்தில், இழையின் நீளவாக்கில் போவது சுலபம், குறுக்கே போவது கஷ்டம். வைக்கோல் கட்டுக்குள் ஊற்றிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நினைத்துப் பாருங்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தால் இந்த அலைச்சலின் திசையை அளக்க முடியும். பீட்டர் பாசர் குழுவினர் 1994-ல் இதற்குக் கணித வடிவம் கொடுத்த பிறகு, தலையைத் திறக்காமலே இழைப்பாதைகளின் நிலையைப் பார்க்க வழி பிறந்தது. தண்ணீர் ஒரே திசையில் எவ்வளவு கட்டுப்பட்டு நகர்கிறதோ, அந்தப் பாதை பொதுவாக அவ்வளவு சீராக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். ‘பொதுவாக’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு பாதைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்திலும் இந்த எண் குறையும், அங்கே கோளாறு எதுவும் இருக்காது.

இந்த முறையில் 5 வயது முதல் 83 வயது வரை நானூறு சொச்சம் பேரைப் பார்த்த 2012 ஆய்வொன்றில், பாதைக்குப் பாதை உச்ச வயது 20-லிருந்து 42 வரை மாறியது. நினைவோடு தொடர்புடைய ஃபோர்னிக்ஸ் சீக்கிரம் உச்சம் தொடுகிறது. முன்மூளையை மற்றப் பகுதிகளோடு சேர்க்கும் பாதைகள் தாமதம். நிதானிப்பது, திட்டமிடுவது, உணர்ச்சியை அடக்குவது எல்லாம் இந்தத் தாமதப் பாதைகளை நம்பித்தான் இருக்கின்றன. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் நாற்பது வயது நிதானத்தை எதிர்பார்ப்பவர்கள் இந்த வரைபடத்தை ஒருமுறை பார்க்கலாம்.

உச்சத்துக்குப் பக்கத்தில் பல வருடம் கோடு கிட்டத்தட்டச் சமமாக ஓடும். அந்தக் காலத்தில் உள்ளே ஒன்றும் நடப்பதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2009-ல் ஆக்ஸ்ஃபோர்டில், பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தையை இளைஞர்களுக்கு ஆறு வாரம் பழக்கினார்கள். கண்ணையும் கையையும் இணைக்கும் பகுதிக்குக் கீழே இருந்த வெண்பொருளில் மாற்றம் தெரிந்தது. கெட்டிக்காரராக ஆனவருக்கு அதிகம், பந்தைத் தவறவிட்டவருக்குக் குறைவு என்றெல்லாம் இல்லை. பழகியதுதான் கணக்கு. 2014-ல் எலிகளை வைத்துச் செய்த சோதனை இன்னும் நறுக்கென்று இருந்தது. புது ஒலிகோடெண்ட்ரோசைட் உருவாகாமல் தடுக்கப்பட்ட எலிகள், படிகள் தாறுமாறாக அமைந்த ஒரு சக்கரத்தில் ஓடக் கற்றுக்கொள்ளத் திணறின.

மனிதர்களில் உறை போடும் செல்லின் வயதைக் கண்டுபிடித்த கதை தனிச் சுவை. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததில் காற்றில் கார்பன்-14 ஏறியது, 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு இறங்கத் தொடங்கியது. ஒரு செல் பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.வில் அந்த ஆண்டின் கார்பன் பதிந்துவிடும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் இதைப் பிறந்த தேதி முத்திரைபோல வாசித்தார்கள். வெண்பொருளில் இருக்கும் ஒலிகோடெண்ட்ரோசைட்டுகள் பெரும்பாலும் சிறுவயதிலேயே வந்து சேர்ந்துவிடுகின்றன, அப்புறம் வருடத்துக்கு முந்நூறில் ஒன்றுதான் புதிதாக மாறுகிறது என்று 2014-ல் தெரியவந்தது. ஆனால் மையலினில் இருந்த கார்பன் அதைவிடப் புதிதாக இருந்தது. பழைய ஆள்தான், உறையை மட்டும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார். எழுபது வயதில் உங்கள் இழைகளைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் நீங்கள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய காலத்துச் செல்கள்.

நாற்பது, ஐம்பதைத் தாண்டியதும் கோடு இறங்கத் தொடங்குகிறது, அறுபதுக்கு மேல் சரிவு கூடுகிறது. முன்பக்கம் பின்பக்கத்தைவிட அதிகம் இழக்கிறது. கடைசியில் வந்தது முதலில் போகும் என்று இதற்கு அழகாக ஒரு கோட்பாடு சொல்வார்கள். முன்மூளையைப் பொறுத்தவரை பொருந்துகிறது. எல்லாப் பாதைக்கும் பொருந்தவில்லை, அதனால் அதை விதியாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அறுபது வயதுக்கு மேல் ஏதோ தலைவலிக்கு ஸ்கேன் எடுத்தவர்களுக்கு இந்த விஷயம் வேறு உருவில் அறிமுகமாகும். அறிக்கையில் ‘வெண்பொருளில் வயது சார்ந்த மாற்றங்கள்’ என்று ஒரு வரி. படத்தில் மூளையின் உட்குழிவுகளை ஒட்டியும் ஆழத்திலும் வெள்ளைப் பொட்டுகள். இந்த வயதில் பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது இருக்கும். 1987-ல் வந்த ஃபசேகாஸ் அளவுகோலில் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். புள்ளி புள்ளியாகத் தனித்து இருந்தால் 1, ஒன்றோடொன்று சேர ஆரம்பித்தால் 2, பெரிய திட்டுகளாகிவிட்டால் 3. ஒன்றைப் பார்த்துவிட்டு யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மூன்று என்றால் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும், ஏனென்றால் பக்கவாதம், மறதி நோய், நடைத் தடுமாற்றம் ஆகியவற்றின் வாய்ப்பு அதனோடு கூடுகிறது.

இந்தப் பொட்டுகளுக்கு முக்கியக் காரணம் மயிரிழைபோன்ற ரத்தக் குழாய்கள். மூளையின் மேற்பரப்பிலிருந்து ஆழத்து வெண்பொருள் வரை அவை நீண்ட தூரம் தனியாகப் போகின்றன. வழியில் ஒன்று சுருங்கினால் பக்கத்துக் குழாய் வந்து கைகொடுப்பது அரிது. உயர் ரத்த அழுத்தம் அவற்றின் சுவரைத் தடிக்க வைக்கிறது. புகையும் சர்க்கரை நோயும் சேர்ந்துகொள்ளும். இதில் நம் கைக்குள் இருப்பது முதலில் ரத்த அழுத்தம். அமெரிக்காவில் நடந்த ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், மேல் அளவை 120-க்குள் வைக்க முயன்ற குழுவையும் 140-க்குள் வைக்க முயன்ற குழுவையும் சுமார் நான்கு வருடம் கழித்து ஸ்கேன் செய்தார்கள். பொட்டுகளின் மொத்தப் பருமன் முதல் குழுவில் 0.92 கன சென்டிமீட்டரும், இரண்டாவதில் 1.45 கன சென்டிமீட்டரும் கூடியிருந்தது. நின்றுவிடவில்லை, மெதுவானது. (120 எல்லாருக்கும் ஏற்ற இலக்கு இல்லை. அதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.)

பொட்டே இல்லாத, நோய் எதுவும் இல்லாத மூளையிலும் இழைகளுக்கு வயதாகிறது. அது எப்படி இருக்கும் என்பதை ரீசஸ் குரங்குகளில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக வருடக்கணக்காகப் பார்த்தவர் பாஸ்டனைச் சேர்ந்த ஆலன் பீட்டர்ஸ். இறுகச் சுற்றியிருந்த அடுக்குகள் சில இடங்களில் பிரிந்து நிற்கின்றன. சில இடங்களில் நடுவே திரவம் கோத்துக்கொண்டு பலூன்போல உப்பியிருக்கின்றன. சில இழைகள் உறையோடு காணாமலே போய்விட்டன. பல இடங்களில் பழுது பார்க்கவும் பட்டிருக்கிறது. உதிர்ந்த உறைக்குப் பதில் புது உறை வந்திருக்கிறது. ஆனால் புதுத் துண்டுகள் பழையதைவிடக் குட்டையானவை. ஒரு நீளத் துண்டு இருந்த இடத்தில் இரண்டு மூன்று சிறு துண்டுகள்.

துண்டு குட்டையானால் கணுக்கள் கூடும். ஒவ்வொரு கணுவிலும் சமிக்ஞை நின்று புதுப்பித்துக்கொண்டு போக வேண்டும். ஓர் இழையில் இந்தத் தாமதம் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தத் தாளில் ஒரு கட்டத்தை நிரப்ப, கண்ணிலிருந்து மூளையின் பின்பகுதிக்கும், அங்கிருந்து முன்மூளைக்கும், பிறகு கைக்கும், மறுபடி கண்ணுக்கும் என்று பல பாதைகளில் செய்தி போய்வர வேண்டியிருக்கிறது. நியூரான்களின் இணைப்புகளிலும் வேதிப்பொருள்களிலும் வயதோடு வரும் மாற்றங்களும் இந்தத் தாமதத்தில் தங்கள் பங்கைச் சேர்க்கும். எழுபது வயதுக்காரர் மேலே பார்க்கிறார், ஏழுக்கு என்ன குறி என்று உறுதி செய்துகொள்கிறார், சரியாகப் போடுகிறார். அதற்குள் பக்கத்தில் இருப்பவர் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டிருப்பார்.